ரெய்னியரா, ஹூடா, ஆடம்ஸா: எந்தப் பனிமலையைச் சுற்றுவது?

சியாட்டில், போர்ட்லாண்ட் பக்கம் வாழும் நம்மவர்களில் மலைநடை பழகியவர்கள் கோடை நெருங்கும்போது கேட்கும் கேள்வி இது. வார இறுதி ஹைக்கிங் எல்லாம் போயாகிவிட்டது. அடுத்து, பனியாறுகள் இறங்கும் ஒரு பெரிய மலையைக் காலால் முழுதாகச் சுற்றி வர வேண்டும். கேஸ்கேட் மலைத்தொடரில் இதற்கு மூன்று பெயர்கள் உடனே அடிபடும்: ரெய்னியரைச் சுற்றும் வொண்டர்லேண்ட் டிரெயில், ஹூடைச் சுற்றும் டிம்பர்லைன் டிரெயில், ஆடம்ஸைச் சுற்றும் முழு வட்டம். இதில் மூன்றாவதற்கு ஒரு விசேஷம் உண்டு. மலையின் கிழக்குப் பக்கத்தில் பாதையே கிடையாது.

மைல் கணக்கு மட்டும் பார்த்தால் ஆடம்ஸ்தான் சின்னது. சுமார் 35 மைல். டிம்பர்லைன் 41, வொண்டர்லேண்ட் 93. ஆகவே பலரும் ஆடம்ஸை முதலிலும் ரெய்னியரைக் கடைசியிலும் வைத்து வரிசை போடுகிறார்கள். எங்களைக் கேட்டால் அந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் பிடிக்கலாம். ஆடம்ஸின் பாதையில்லாத ஏழெட்டு மைல், வொண்டர்லேண்டின் எந்த முப்பது மைலையும் விடக் கடினம்.

## முதலில் அளவுகோல்கள்

திரும்பி வருவதற்கு ஆகும் செலவு. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பார்க்க வேண்டும். வழியில் ஏதோ ஒன்று தடுத்துவிட்டது: ஆறு பெருகிவிட்டது, கணுக்கால் பிசகிவிட்டது, காட்டுத்தீப் புகை சூழ்ந்துவிட்டது. அந்த இடத்திலிருந்து ஒரு சாலைக்கு எத்தனை மைல்? அதற்குச் சாப்பாடு இருக்கிறதா? வட்டப் பாதையில் பாதி தாண்டிய பிறகு முன்னே போனாலும் பின்னே போனாலும் தூரம் ஒன்றுதான் என்று மனசு கணக்குப் போடும். தப்பான முடிவுகள் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் எடுக்கப்படுகின்றன.

பாதை, அல்லது பாதையின்மை. நல்ல டிரெயிலில் பாரத்தோடு மணிக்கு 2 மைல் போகலாம். மொரெய்ன் மேல், அதாவது பனியாறு தள்ளிக் குவித்த தளர்ந்த கல்மேட்டின் மேல், மணிக்கு அரை மைலிலிருந்து ஒரு மைல் போனாலே நல்ல வேகம்.

ஆறுகள். பாலம் உண்டா, இல்லையா? இல்லையென்றால் எந்த நேரத்தில் அங்கே போய்ச் சேருவீர்கள்?

அனுமதியும் விடுப்பும். பெர்மிட் கிடைப்பது ஒரு பாடு. பத்து நாள் விடுப்பு எடுப்பது இன்னொரு பாடு. ஊருக்குப் போக வைத்திருக்கும் விடுப்பில்தானே அதையும் எடுக்க வேண்டும்?

உடன் வருபவர்கள். குழுவில் நடை மெதுவானவரின் திறமைதான் குழுவின் திறமை.

| | வொண்டர்லேண்ட் (ரெய்னியர்) | டிம்பர்லைன் (ஹூட்) | ஆடம்ஸ் முழு வட்டம் | ஆடம்ஸ் மேற்குப் பாதி |
|---|---|---|---|---|
| மலை உயரம் | 14,410 அடி | சுமார் 11,240 அடி | சுமார் 12,280 அடி | அதேதான் |
| தூரம் | 93 மைல் | சுமார் 41 மைல் | சுமார் 35 மைல் | 20 மைலை ஒட்டி |
| மொத்த ஏற்றம் | 22,000 அடிக்கு மேல் | சுமார் 10,000 அடி | 8,000 அடிக்கு மேல் | மிதமானது |
| வழக்கமான நாள்கள் | 10 முதல் 14 | 3 அல்லது 4 | 4, கையிருப்பாக இன்னொரு நாள் | 2 |
| பாதை | முழுவதும் | முழுவதும் | ஏழெட்டு மைல் பாதையில்லை | முழுவதும் |
| ஆறுகள் | பெரும்பாலும் பாலம் | பெரும்பாலும் பாலம் இல்லை | பாலம் இல்லை, கிழக்கில் கடினம் | பாலம் இல்லை, சமாளிக்கலாம் |
| அனுமதி | போட்டி கடுமை | எளிது | இரண்டு அதிகார எல்லைகள் | எளிது |
| திரும்பும் செலவு | குறைவு | குறைவு | மிக அதிகம் | குறைவு |

## வொண்டர்லேண்ட்: நீளம்தான் கஷ்டம்

1915-இல் வெட்டிய பாதை இது. ஒவ்வொரு நாளும் ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி அடுத்த மேட்டில் ஏற வேண்டும். மிக உயரமான இடமான பான்ஹேண்டில் கேப் 6,800 அடியைக்கூடத் தொடாது. ஆனால் ஏறி இறங்கும் கணக்கைக் கூட்டினால் 22,000 அடிக்கு மேல் வரும். பெரிய ஆறுகளுக்கு மரக்கட்டைப் பாலங்கள் உண்டு. டஹோமா கிரீக், கார்பன் ஆறு ஆகியவற்றின் மேல் தொங்குபாலங்கள் உண்டு. வழி தவறவே வாய்ப்பில்லை.

சிக்கல் நடப்பதில் இல்லை, இடம் கிடைப்பதில் இருக்கிறது. எந்த இரவு எந்த கேம்ப் என்று முன்கூட்டியே பெர்மிட்டில் எழுதித் தருவார்கள். அதைப் பிடிக்கக் குளிர்காலக் கடைசியிலேயே குலுக்கலில் பெயர் கொடுத்துவிட வேண்டும். குலுக்கலில் வராதவர்களுக்கு, நேரில் போய் நின்று வாங்க ஒரு பங்கு ஒதுக்கி வைத்திருப்பார்கள். கையில் கிடைக்கும் அட்டவணையில் ஒரு நாள் 5 மைல், மறுநாள் 14 மைல் என்று வந்தாலும் அதன்படிதான் நடக்க வேண்டும்.

மறைமுகச் செலவு உணவுதான். பத்து நாளுக்கு ஆளுக்குக் குறைந்தது 7 கிலோ வரும். இதற்காகவே வழியில் சில இடங்களில் முன்கூட்டி உணவு வைத்துவிட்டுப் போக ஏற்பாடு உண்டு. வடமேற்கு மூலையிலிருந்த மோவிச் ஏரி அதற்கு வசதியாக இருந்தது. கார்பன் ஆற்றின் மேலிருந்த பழைய ஃபேர்ஃபாக்ஸ் பாலத்தை 2025 ஏப்ரலில் வண்டிகளுக்கு நிரந்தரமாக மூடியதால் அந்தப் பக்கம் காரில் போக வழியில்லை. பழைய பயணக் குறிப்புகளை நம்பித் திட்டம் போடுபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவசரமாக வெளியேறும் வாசல்களில் ஒன்றும் இதனால் குறைந்துபோனது.

விடுப்பு உள்ளவருக்கும், பாதையை விட்டு விலக விரும்பாதவருக்கும், நீண்ட நடையின் தாளம் பிடித்தவருக்கும் இது சரியான தேர்வு. பனியாற்று நிலத்தில் வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் இங்கே ஒன்றும் கிடைக்காது.

## டிம்பர்லைன்: ஆறுகள்தான் பாடம்

ஹூடைச் சுற்றும் பாதை எண் 600. 1930-களில் போட்டது. பெர்மிட்டுக்கு யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பாதை தொடங்கும் இடமான டிரெயில்ஹெட்டில் இருக்கும் படிவத்தை நாமே நிரப்பிக்கொண்டு கிளம்பலாம். டிம்பர்லைன் லாட்ஜ் வாசலிலிருந்து தொடங்கினால் கார் நிறுத்தவும், திரும்பி வந்ததும் சூடாகச் சாப்பிடவும் வசதி. வழியிலேயே உயரமான இடம் கூப்பர் ஸ்பரைத் தாண்டி வரும்; 7,300 அடிக்கு மேல். ஜூலை கடைசி வரை அங்கே பனித்திட்டுகள் கிடக்கும்.

இங்கே ஆறுகளுக்குப் பாலம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாண்டி, மட்டி ஃபோர்க், எலியட், நியூட்டன், ஒயிட் ரிவர் எல்லாமே பனியாற்றிலிருந்து நேராக இறங்குபவை. 2006 நவம்பர் வெள்ளத்தில் எலியட் கிளையின் கரை அப்படியே சரிந்தது. மாற்றுப்பாதை வர பத்து ஆண்டு பிடித்தது. 2014 ஆகஸ்டில் சாண்டி ஆற்றின் மேல் கோடைக்காலத்துக்கு மட்டும் போட்டிருந்த பாலத்தைத் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றதில் ஒருவர் இறந்தார். அதன்பின் அந்த இடத்தில் பாலம் போடவில்லை. நல்ல பாதை, நிறைய மனித நடமாட்டம், லாட்ஜ் பக்கத்தில் என்ற நம்பிக்கையில் மாலை ஐந்து மணிக்கு ஆற்றில் இறங்குபவர்கள் இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பனியாற்று ஆறுகளுக்கு ஒரு நாள்கணக்கு உண்டு. வெயில் ஏற ஏறப் பனி உருகும். தண்ணீர் மதியத்துக்குப் பிறகு ஏறி, மாலையில் உச்சத்துக்குப் போய், இரவில் வடிந்து, விடியலில் மிகக் குறைவாக இருக்கும். காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடிய ஆறு மாலையில் தொடை வரை வரலாம். நீரின் நிறம் பால் கலந்த டீ மாதிரி. பாறையைப் பனி அரைத்த தூள் கலந்திருப்பதால் அடி தெரியாது. அடியில் கல் உருண்டால் தடதடவென்று சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் இறங்கவே கூடாது. காத்திருங்கள், அல்லது ஆறு பல கிளையாகப் பிரியும் அகலமான இடம் தேடி மேலும் கீழும் நடங்கள். குறுகிய இடம் சுலபமாகத் தெரியும். ஆனால் ஆழமும் வேகமும் அங்கேதான் கூடுதல்.

கடக்கும் முறை: காலணியைக் கழற்ற வேண்டாம். பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் தளர்த்திக்கொள்ளுங்கள். இரண்டு கோலையும் மேல்பக்கம் ஊன்றி, நீரோட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகருங்கள். ஒரு நேரத்தில் ஒரு காலோ ஒரு கோலோதான் எடுக்க வேண்டும். கீழே அருவியோ மரச்சிக்கலோ இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், வலஞ்சுழியாக நடந்தால் கடைசி நாளில் வரும் ஒயிட் ரிவர் ஏற்றம். மணலில் இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். அதைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆடம்ஸின் கிழக்குப் பக்கம் போக ஆசைப்படுபவருக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது: ஆறு இருக்கிறது, பாதையும் இருக்கிறது, பெரும்பாலும் சில மைலில் சாலையும் இருக்கிறது.

## ஆடம்ஸ் முழு வட்டம்: பாதை நிற்கும் இடத்திலிருந்து

அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான யகாமா மக்கள் பாட்டோ என்று அழைக்கும் மலை இது. தெற்கே கோல்ட் ஸ்பிரிங்ஸ் என்ற 5,600 அடி உயர டிரெயில்ஹெட். அங்கிருந்து சவுத் கிளைம்ப் பாதையில் ஒரு மைலுக்குச் சற்று மேல் ஏறினால் ‘ரவுண்ட் தி மவுண்டன்’ என்ற 9-ஆம் எண் பாதை குறுக்கே வரும். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, அது மலையைச் சுற்றுவதில்லை. மேற்கே போனால் பசிபிக் க்ரெஸ்ட் டிரெயிலில் சேரும். அது மேற்கு, வடமேற்குப் பக்கங்களைச் சுற்றிக் கில்லன் கிரீக் பக்கம் கொண்டுபோய்விடும். பிறகு 114-ஆம் எண் ஹைலைன் டிரெயில் வடகிழக்கே ஃபாகி ஃபிளாட், டெவில்ஸ் கார்டன்ஸ் வழியாக அவலாஞ்ச் வேலி வரை. அவ்வளவுதான் பாதை. தெற்கிலிருந்து கிழக்கே திரும்பினால் 9-ஆம் எண் பாதை பர்ட் கிரீக் மெடோஸ் வரை வந்து நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே இருப்பதைத்தான் ‘தி கேப்’, இடைவெளி என்கிறார்கள்.

வடக்கிலிருந்து தெற்காக அந்த இடைவெளியில் வருபவை: ரஸ்க் கிரீக், பேட்டில்மென்ட் ரிட்ஜ், கிளிக்கிடாட் பனியாற்றிலிருந்து இறங்கும் பிக் மடி கிரீக், ரிட்ஜ் ஆஃப் ஒண்டர்ஸ், அதன்பின் மஸாமா பனியாற்றுக்குக் கீழே ஹெல்ரோரிங் பள்ளத்தாக்கு. ஒவ்வொன்றிலும் இறங்கி ஏற வேண்டும். இந்த நிலம் நிலையாக நிற்பதும் இல்லை. 1997 அக்டோபரில் பேட்டில்மென்ட் ரிட்ஜின் தலைப்பகுதியில் ஒரு பாறைமுகம் உடைந்து, கிளிக்கிடாட் பனியாற்றின் மேல் சரிந்து மைல்கணக்கில் கீழே வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் ஒருவர் பதிந்து பகிர்ந்த ஜிபிஎஸ் தடத்தை அப்படியே பின்பற்றினால், அவர் நடந்த கரை இன்று ஆற்றுக்குள் இருக்கலாம். தடம் திசை காட்டும், அவ்வளவே. முந்தின கோடைக் கடைசியில் எடுத்த செயற்கைக்கோள் படத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, ‘மவுண்ட் ஆடம்ஸ் ஈஸ்ட்’ அரசு நிலவரைபடத்தைக் காகிதத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

### மேலேயா, கீழேயா

இடைவெளிக்குள் பெரிய முடிவு, ஆறுகளை எந்த உயரத்தில் கடப்பது என்பது.

மேல்வழி, பனியாற்றின் முனையிலோ அதற்குச் சற்று மேலேயோ குறுக்கே போவது. ஆறு பனிக்கு அடியில் ஓடுவதால் தண்ணீரில் கால் வைக்க வேண்டியதில்லை. தூரமும் குறைவு. விலை என்னவென்றால், காலடியில் இருப்பது கல்மேடு போலத் தெரியும். ஆனால் இரண்டு அங்குலச் சரளைக்குக் கீழே கெட்டியான பனிக்கட்டி. கார் அளவுப் பாறைகள் அதன் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், தொட்டால் நகரும். கிராம்பான் (காலணியில் மாட்டும் கூர்முள் சட்டம்), ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி), ஹெல்மெட் மூன்றும் தேவை. பனிப்பிளவு எப்படி இருக்கும் என்று தெரியாதவர் இந்த வழி பக்கமே போக வேண்டாம். பனியாற்று முனைக்கு நேர் கீழே நிற்பதும் ஆபத்து. மதியத்தில் அங்கிருந்து கற்கள் விழுந்துகொண்டே இருக்கும்.

கீழ்வழி, ஆறு பிரிந்து அகலமாக ஓடும் இடத்துக்கு இறங்கிப் போவது. பனியைத் தொட வேண்டாம், ஆனால் கூடுதலாக இறங்கிய ஒவ்வொரு அடியையும் மறுபக்கம் ஏற வேண்டும். அந்த ஏற்றம் தளர்ந்த மொரெய்ன் சுவர். அதில் ஒருவருக்குக் கீழே ஒருவர் ஏறக் கூடாது. பக்கவாட்டில் விரிந்து ஏறுங்கள், அல்லது ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர். தோல் கையுறை இருந்தால் நல்லது, கையால் பிடிக்காமல் ஏற முடியாது. கீழே போகப் போக இன்னொரு எல்லையும் வரும். அதை அடுத்த தலைப்பில் சொல்கிறோம்.

பனிநடைப் பயிற்சி இல்லாதவர்களுக்குக் கீழ்வழி. பயிற்சி உள்ளவர்களும் ரஸ்க் கிரீக்கைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். அன்றைக்கு அது சுலபமாக இருந்தால் பிக் மடியும் ஓரளவு ஒத்துழைக்கும்.

கிழக்குப் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. மேற்கே ஆறுகள் மலை நிழலில் பத்து மணி வரை அடங்கியிருக்கும். கிழக்கே சூரியன் உதித்த கணமே பனியாற்றில் வெயில் படும். தண்ணீர் குறைவாக இருக்கும் நேரமும் அதனால் சீக்கிரம் முடிந்துவிடும். டிம்பர்லைனில் பத்து மணிக்குக் கடந்து பழகியவர்கள் இங்கே ஏழு மணிக்கு ஆற்றங்கரையில் நிற்க வேண்டும். அப்படியென்றால் முந்தின இரவு கேம்ப் ஆற்றிலிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நடைக்குள் இருக்க வேண்டும்.

### யாருடைய நிலம்

மலையின் மேற்குப் பாதி கிஃபோர்ட் பின்ச்சோ தேசிய வனத்தின் மவுண்ட் ஆடம்ஸ் வில்டர்னஸ். கிழக்குப் பக்கம் யகாமா நேஷனுக்குச் சொந்தம். நிலஅளவைக் கோளாறால் கைமாறிப்போன சுமார் 21,000 ஏக்கரை 1972-இல் அதிபர் நிக்சன் அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். ‘டிராக்ட் டி’ என்று அழைக்கப்படும் அந்தப் பகுதியில்தான் பர்ட் கிரீக் மெடோஸ் இருக்கிறது. கோடையில் மட்டும், அனுமதிக் கட்டணத்தோடு, வெளியாரை விடுவார்கள். அதற்கு வெளியே உள்ள யகாமா வனத்தில் வெளியாருக்கு இடமில்லை. ஆகவே கீழ்வழி தேடி மனம்போல இறங்கிக்கொண்டே போகக் கூடாது. எல்லைக்கோட்டை வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

2015-இன் கூகர் கிரீக் காட்டுத்தீ அந்தப் பக்கத்துக் காட்டை எரித்தது. எரிந்து நிற்கும் மரங்கள், சாலைச் சேதம் போன்ற காரணங்களால் எந்த ஆண்டும் திறப்பு மாறலாம். கிளம்பும் வாரத்தில் யகாமா நேஷனின் அறிவிப்பைப் பாருங்கள். எங்கே கூடாரம் போடலாம் என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் மூடியிருக்கிறதுதான், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று உள்ளே நுழைவது அடுத்தவர் வீட்டுக் கொல்லையில் ஏறிக் குதிப்பதுதான்.

வனத்துறைப் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை 7,000 அடிக்கு மேல் போக ஆடம்ஸுக்குத் தனி அனுமதிச்சீட்டு உண்டு. அது சிகரம் ஏறுபவர்களுக்குத்தானே என்று விட்டுவிடுவார்கள். டெவில்ஸ் கார்டன்ஸே 7,000 அடியைத் தாண்டிய இடம், மேல்வழியும் அப்படித்தான். ட்ரவுட் லேக் ஊரிலிருக்கும் ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அங்கிருந்து கோல்ட் ஸ்பிரிங்ஸ் போகும் மண்சாலையின் நிலவரத்தையும் அப்படியே விசாரித்துவிடுங்கள். தாழ்வான காரின் அடிப்பாகம் அந்தச் சாலையில் தட்டும். அதுவும் ஒரு செலவுதான்.

### எந்தத் திசை

பெரும்பாலோர் வலஞ்சுழியாகப் போகிறார்கள்: மேற்கு, வடக்கு முடித்து, அவலாஞ்ச் வேலியில் தங்கி, கடைசி நாளில் இடைவெளி. அதற்கு நியாயம் இருக்கிறது. மூன்று நாளில் உடம்பு பழகிவிடும், பை இலேசாகிவிடும். விடியலில் கிளம்பினால் ரஸ்க், பிக் மடி இரண்டையும் காலைக்குள் முடிக்கலாம்.

ஆனால் முதல்முறை போகிறவருக்கு நாங்கள் எதிர்த்திசையைச் சொல்வோம். இடைவெளியை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம், மேலே முதல் அளவுகோலாகச் சொன்ன திரும்பும் செலவு. வலஞ்சுழியில் பிக் மடி தடுத்தால், வந்த வழியே திரும்ப இரண்டு நாளுக்கு மேல் நடை. பையில் ஒரு வேளைச் சாப்பாடு. அந்த நிலையில் “பரவாயில்லை, கடந்துவிடலாம்” என்றுதான் யாருக்கும் தோன்றும். எதிர்த்திசையில் முதல் நாள் பர்ட் கிரீக் பக்கம், இரண்டாம் நாள் பிக் மடிக்குத் தெற்கே உயரமான தட்டில் கேம்ப், மூன்றாம் நாள் விடியலில் ஆறு. சரிப்படவில்லையா, காருக்குத் திரும்ப ஒன்றரை நாள். சாப்பாடு பை நிறைய இருக்கும். முடிவும் நிதானமாக வரும். இன்னொரு லாபம்: ரிட்ஜ் ஆஃப் ஒண்டர்ஸின் மேலிருந்து ஆறு எங்கே பிரிகிறது, எங்கே ஒடுங்குகிறது என்று முந்தின மாலையே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

குறை இல்லாமல் இல்லை. முழுப் பாரத்தோடு தளர்ந்த சரிவில் இறங்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது கீழே ஒளிந்திருக்கும் செங்குத்துப் பாறை தெரியாது. முழங்கால் கோளாறு உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம். அவர்கள் வலஞ்சுழியே போகலாம், கூடுதலாக இரண்டு நாள் உணவோடு.

### நேரமும் தண்ணீரும்

மணிக்கு முக்கால் மைல் என்று வைத்தால் 8 மைலுக்குக் கிட்டத்தட்ட 11 மணி நேரம். ஆகஸ்ட் கடைசியில் பகல் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். ஒருமுறை தவறான பள்ளத்தில் இறங்கி ஏறினால் அந்தக் கணக்கு போச்சு. இரண்டு நாளாகப் பிரிப்பதுதான் சரி. செப்டம்பர் நடுவில் ஆறுகள் வடிந்திருக்கும், கொசு இருக்காது; ஆனால் பகல் சுருங்கிவிடும், முதல் பனிப்பொழிவும் வரலாம். ஜூலையில் போனால் பனிப்பரப்பு கற்களை மூடி நடையைச் சுலபமாக்கும். அதே பனிதான் உருகி ஆற்றை நிரப்புகிறது. பனிநடை தெரியாதவர்களுக்கு ஆகஸ்ட் இரண்டாம் பாதியிலிருந்து செப்டம்பர் முதல் பத்து நாள் வரை பொருத்தம். அதுவே காட்டுத்தீப் புகைக்காலமும்கூட.

குடிதண்ணீர் இன்னொரு கண்ணி. சுற்றிலும் ஆறு ஓடும், குடிக்க முடியாது. பாறைத்தூள் கலந்த நீரை வடிகட்டியில் விட்டால் இரண்டு மூன்று லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். பாத்திரத்தில் பிடித்து இரவு முழுவதும் அசையாமல் வைத்தால் தூள் அடியில் படியும். மேல்நீரை மட்டும் மெதுவாகச் சாய்த்து எடுத்து வடிகட்டலாம். அதைவிட நல்லது ஊற்றோ, பனித்திட்டிலிருந்து கசியும் தெளிந்த நீரோ பார்த்த இடத்தில் நிரப்பிக்கொள்வது. ஆளுக்கு 3 லிட்டர் கொள்ளளவும், வடிகட்டி கைவிட்டால் போட மாத்திரையும் இருக்கட்டும். கைப்பேசி சிக்னலை நம்ப வேண்டாம். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று குழுவில் கட்டாயம்.

## ஆடம்ஸ் மேற்குப் பாதி: யாரும் சொல்லாத நடுவழி

இரண்டு கார் இருந்தால் ஒன்றைக் கில்லன் கிரீக் டிரெயில்ஹெட்டில் விட்டுவிட்டு, கோல்ட் ஸ்பிரிங்ஸிலிருந்து நடக்கலாம். 9-ஆம் எண் பாதை, பசிபிக் க்ரெஸ்ட், கில்லன் கிரீக் இறக்கம். இரண்டு நாள், ஒரு வார இறுதி. ஆடம்ஸ் பனியாற்றின் அருவிபோல் உடைந்த முகம் வடமேற்கிலிருந்து நன்றாகத் தெரியும். உண்மையில் காட்சிக்காக என்றால் மலையின் அழகான பக்கம் இதுதான். வழியில் 2012 தீயில் எரிந்த காடு ஒரு நீளம் நிழலில்லாமல் இருக்கும். செலவு, கார்களை மாற்றி நிறுத்த மண்சாலையில் ஓட்டும் அரை நாள். வட்டம் முழுமையாகாது என்ற குறையை மனசு ஏற்றுக்கொண்டால் போதும்.

## யாருக்கு எது

குழந்தை குட்டியோடு, அல்லது முதல் பல நாள் நடையாக என்றால் மேற்குப் பாதி. ஆறு கடந்து பழக வேண்டும், நான்கு நாள் விடுப்புதான் இருக்கிறது என்றால் டிம்பர்லைன். குலுக்கலில் பெயர் வந்துவிட்டது, பன்னிரண்டு நாள் கிடைக்கும் என்றால் யோசிக்காமல் வொண்டர்லேண்ட். அந்த வாய்ப்பு மறுபடி வர வருடங்கள் ஆகலாம்.

ஆடம்ஸ் முழு வட்டத்துக்குக் குறைந்தபட்சம் இவை வேண்டும்: குழுவில் மூன்று பேராவது, அதில் இருவருக்குப் பாதையில்லாத இடத்தில் வரைபடம் பார்த்து நடந்த பழக்கம், எல்லோருக்கும் பாலமில்லாத பனியாற்று ஆறு ஒன்றையாவது கடந்த அனுபவம், திட்டத்துக்கு மேல் ஒரு நாள் உணவு. தனியாகப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். போகிறவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் சொல்ல மாட்டோம்.

கிளம்பும் முன்பே, வீட்டில் உட்கார்ந்து, குழுவாகத் திரும்பும் விதிகளை எழுதிக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் பேசி முடிவெடுக்கக் கூடாது. நாங்கள் பரிந்துரைப்பவை: காலை 9 மணிக்குள் பிக் மடியைக் கடக்கவில்லையென்றால் அன்றைக்குக் கடப்பதில்லை. குழுவில் உயரம் குறைந்தவரின் முழங்காலுக்கு மேல் வேகமான தண்ணீர் இருந்தால் கடப்பதில்லை. முந்தின இரவு மழை பெய்திருந்தால் ஒரு நாள் காத்திருப்பது. மேகம் இறங்கி எதிர்ச்சரிவு தெரியவில்லையென்றால் கேம்பை விட்டு நகர்வதில்லை. காத்திருந்த இரண்டாம் காலையும் ஆறு இறங்கவில்லையென்றால், வந்த வழியே பர்ட் கிரீக்குக்குத் திரும்பி, 9-ஆம் எண் பாதையைப் பிடித்து காருக்குப் போவது.